சலாத்திகாவில் நண்பர் பெயரில் வீடு: வேண்டாம்

ஓய்வுப் பணத்தைப் போட்டு, உள்ளூர் நண்பரின் பெயரில், இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கும் சலாத்திகா நகரில் வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்கு அதை மறைமுகமாகக் கைமாற்றும் ஏற்பாடும் செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. நாளை அவர் இறந்தால் வாரிசுகளிடம் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

வெளிநாட்டவருக்குச் சட்டம் தரும் வழி 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமை: முதலில் 30 ஆண்டுகள், பிறகு 20, அதன் பிறகு 30. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை உண்டு. சிறுநகர வீடுகள் பல அந்த விலையை எட்டாது. எனவே ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அங்கே ஆண்டு வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கேட்பது வழக்கம். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழையையும் அனுபவித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊர் அருமையானது, மெர்பாபு மலையடிவாரக் குளிர்ச்சி, பல்கலைக்கழக மாணவர் கூட்டம். ரயில் நிலையம் கிடையாது. செமாராங்கிலோ சோலோவிலோ இறங்கிச் சுங்கச்சாலையில் வரவேண்டும். போனால் 'எந்திங் கெப்புக்' என்ற கடலை இனிப்பை விட்டுவிடாதீர்கள். நண்பரிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லையே?