சிலம்ப வீரருக்கு ஒரு கிளாஸ் எழுதுவது எப்படி?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். கையில் இருப்பது 2014 விதிப் புத்தகம். சிலம்ப வீரருக்கென்று ஒரு கிளாஸ், அதாவது பாத்திரத்தின் திறன்களை வகுக்கும் விதித்தொகுப்பு, எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் துறவி வீரருக்கான மங்க் கிளாஸை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன், சப்பென்று இருந்தது. பிறகு 30 சிறப்பு அடிகளை எழுதி, முதல் லெவலிலேயே, அதாவது தொடக்கப் படியிலேயே, எதிரியைச் செயலிழக்க வைக்கும் வர்மமும் கொடுத்தேன். இப்போது அவர் ஒருவரே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுகிறார். எங்கே தப்பு?

பதில்: பெயரை மாற்றினீர்கள், தாளம் பழையபடியே இருந்துவிட்டது. மங்க் 1975இல் ‘பிளாக்மூர்’ என்ற இணைப்புப் புத்தகத்தில் வந்த கிளாஸ். அதன் உயிர் மடத்துத் துறவியின் ஒடுக்கம். 2014 விதிகளில் அந்த ஒடுக்கத்தைக் ‘கி’ புள்ளிகளாக வைத்திருக்கிறார்கள். ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்குச் சண்டை தொடங்கும்போதே அது நிரம்பியிருக்கும். அடிக்க அடிக்கக் குறையும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பிவரும்.

கம்பு சுற்றுகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கம்பை எடுத்த உடனே அவர் முழு வேகத்தில் இருப்பதில்லை. முதல் இரண்டு சுற்றில் கம்பு தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கால் மாறி மாறி விழ ஆரம்பித்ததும் வேகம் ஏறும். அப்புறம் கம்பே தெரியாது, காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும்தான். கால் நின்றால் கையும் தளரும். ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி பழக்குவது இதனால்தான். உங்கள் கிளாஸ் இங்கிருந்து பிறக்க வேண்டும். வெறுமையில் தொடங்கி, நகர நகர ஏறும் பலம் அது.

இதற்கு நான் எழுதிப் பார்த்த விதி இது. ‘வீச்சு’ என்று ஒரு புள்ளி வையுங்கள். சண்டை தொடங்கும்போது பூஜ்யம். தன் டர்னில் (தன் முறை வரும்போது) குறைந்தது இரண்டு கட்டம், அதாவது 10 அடி நகர்ந்தால் ஒரு புள்ளி ஏறும். உச்சவரம்பு அவருடைய புரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சி எண்), முதல் லெவலில் 2. ஒரு டர்ன் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றாலோ, யாராவது கட்டிப்பிடித்தாலோ, கீழே விழுந்தாலோ மொத்தமும் போய்விடும். ஆர்மர் கிளாஸ் (அவர்மேல் அடி விழ எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 10, அதனுடன் டெக்ஸ்டெரிட்டி என்னும் சுறுசுறுப்பு போனஸ், அதனுடன் அப்போதைய வீச்சு. சுழலும் கம்புதான் அவருக்குக் கேடயம். நாலு பக்கமிருந்து கல்லெறிந்தாலும் ஒன்றும் மேலே படாமல் சுற்றுவார் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பேச்சுக்கும் இந்த விதியில் இடம் இருக்கிறது. வீச்சு 2 ஆன பிறகு போனஸ் ஆக்‌ஷனில் (டர்னில் கிடைக்கும் கூடுதல் செயலில்) கம்பின் மறுமுனையால் இன்னொரு அடி, நாலுமுகப் பகடை. அதற்குமுன் அந்த அடி கிடையாது.

கணக்குப் பார்க்காமல் இதை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். திறன் போனஸ் +3, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 13 என்று கொள்வோம். அதனுடன் தேர்ச்சி 2 சேர்த்து, இருபதுமுகப் பகடையை +5 போட்டு உருட்டினால் 65 சதவீதம் அடி விழும். 20 விழும்போது கூடும் கிரிட்டிகல் அடியை விட்டுவிடலாம். பெரிய வாள் பிடித்த ஃபைட்டரின் அடி சராசரி 10, டர்னுக்கு 6.5 நிற்கும், மூன்று டர்னில் 19.5. மங்க் இரண்டு கையாலும் பிடித்த கம்பால் 7.5, கையால் ஒரு குத்து 5.5, ஆக மூன்று டர்னில் 25 சொச்சம். நம் ஆளுக்கு முதல் டர்னில் கம்படி மட்டும், 4.9 தான் வரும். இரண்டாம் டர்னிலிருந்து 8.45. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 22. இருவருக்கும் நடுவில் நிற்கிறார். புதிய கிளாஸுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் 30 அடிகளையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள், எது மேசையைக் கவிழ்த்தது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

30 அடிகளில் நாலை வைத்துக்கொள்ளுங்கள், போதும். காலை வாருவது, ஆயுதத்தைத் தட்டிவிடுவது, விழும் அடியைத் தடுப்பது, ஒரே வீச்சில் இருவரைப் பின்வாங்க வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சுப் புள்ளி செலவு. செலவழித்தால் ஆர்மர் கிளாஸ் ஒன்று இறங்கும், மறுமுனை அடியும் கைவிட்டுப் போகலாம். ஆடுகிறவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கத்துக்காகத்தான் ஒரு கிளாஸையே எழுதுகிறோம். பட்டியல் நீண்டால் அவர் தாளைத்தான் பார்ப்பார், களத்தைப் பார்க்கமாட்டார். அடிகளின் பெயர் ஆசானுக்கு ஆசான் மாறும். உங்களில் யாராவது சிலம்பம் கற்றிருந்தால் அவர் வாயில் வரும் பெயரையே வையுங்கள்.

வர்மத்தில்தான் பெரிய தவறு நடந்திருக்கிறது. எதிரியின் ஒரு டர்னைப் பறிப்பது இந்த ஆட்டத்தில் மிக விலையுயர்ந்த பொருள். மங்குக்கே அந்த ஸ்டன் அடி ஐந்தாம் லெவலில்தான் வருகிறது, அதிலும் எதிரிக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடலுறுதியால் தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்பு) உண்டு. 2024 புத்தகத்தில் அதையும் டர்னுக்கு ஒரு முறை என்று கட்டிவிட்டார்கள். உங்கள் வீரர் முதல் லெவலிலேயே அதை வாரி இறைக்கிறார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று சொல்வது மரபு. அந்த 108க்கும் அட்டவணை போடும் ஆசை எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். சிறிய விளைவுகள் போதும்: கை மரத்து ஆயுதம் நழுவுகிறது, கால் துவண்டு வேகம் பாதியாகிறது. அதையும் மூன்றாம் லெவலில் கொடுங்கள். வர்மம் தெரிந்த ஆசானுக்கு அதன் விளைவை நீக்கும் இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும், வர்ம அடியில் மயங்கியவனைத் தட்டி எழுப்புவதும் அதே கல்விதான். ஆகவே நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யமாகிக் கிடக்கும் தோழரை ஒரு ஹிட் பாயின்டுக்கு எழுப்பும் திறனை அதனுடன் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் மேசையில் எல்லோரும் ஞாபகம் வைத்துப் பேசுவது அடித்ததை அல்ல, இப்படி எழுப்பியதைத்தான்.

சோதனைக்கு மூன்று சண்டை வையுங்கள்: திறந்த களம், வில்லாளிகள், 5 அடி அகலச் சந்து. முதல் இரண்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஆடுகிறவரின் கை முதலில் எங்கே போகிறது என்று. எங்கள் முதல் வரைவில் பகடைக்குத்தான் போனது. நகர்வை விதியில் சேர்த்த பிறகு பொம்மையைத் தூக்கிக் கட்டங்களை எண்ணிவிட்டு, அப்புறம்தான் உருட்டினார்கள்.

சந்தில் கம்பு சுற்ற இடமில்லை, வீச்சு ஏறாது என்று எழுதிவிடுங்கள். ஆனால் அங்கே அவரைக் கைகட்டி நிற்க விடாதீர்கள். வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை இருக்கிறது. கம்பைக் கீழே போட்டால் ஆறுமுகப் பகடையில் வெறுங்கை அடி, அத்துடன் கட்டிப்பிடிக்க ஒரு வாய்ப்பு. சந்தை விட்டு வெளியே வந்ததும் கம்பை எடுக்கத் திரும்பிப் போவாரா, அப்படியே துரத்துவாரா என்று பாருங்கள். அதைப் பார்த்து முடிக்கும் வரை ஐந்தாம் லெவலுக்கு மேல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.