கன்று ஈனும் மாதமும் முதல் மணி நேரமும்: கடற்கரை மாடு வளர்ப்போர் கேட்டவை

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுத் தொழுவத்தில் இன்றும் மாடு நிற்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரைப் பக்க ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊசி, மருந்து என்று வரும் இடத்தில் உங்கள் ஊர் கால்நடை மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

தேவிபட்டினம்: அண்ணே, கொடி விழாம கன்னுக்குப் பால் விடக்கூடாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. போன ஈத்துல ராத்திரி ஈனுன மாட்டுக்கு விடிஞ்சுதான் கொடி விழுந்துச்சு. அதுவரை கன்னு பட்டினி. ஒரு வாரத்துல கழிச்சல் கண்டு செத்துப்போச்சு. அதனாலதானா?

பெரும்பாலும் அதனால்தான் தங்கச்சி. மனுசப் பிள்ளைக்குத் தாய் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக அது இறங்காது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பாலில்தான் அந்தச் சக்தி மொத்தமும் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த உடனே அதிகம். 6 மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறையும், ஒரு நாள் முடிவதற்குள் அநேகமாக நின்றே போகும். விடிந்த பிறகு வயிறு முட்டக் கொடுத்தாலும் இரவு இழந்தது திரும்பி வராது.

அதனால் ஈன்ற அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். முதல் நாள் அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதில் பாதியாவது முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தனியாகக் கறந்துவிட்டு ஊட்ட விடுங்கள். எழ முடியாத கன்றுக்குக் கறந்து, சுத்தமான பாட்டிலில், தலையை ரொம்பத் தூக்காமல் கொடுங்கள்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: கன்று மடியை முட்டி ஊட்டும்போது மாட்டின் உடம்பில் சுரக்கும் அதே சுரப்புதான் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது. பால் விட்டால் கொடி சீக்கிரம் விழத்தான் வழி. அவர்களுக்கும் மாட்டின் மேல் உள்ள அக்கறைதான், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

சாயல்குடி: தலை ஈத்துக் கிடேரி, இன்னும் பத்து நாள்ல ஈனும். குடம் உடைஞ்சா எவ்வளவு நேரம் பாக்கலாம் அய்யா? எங்க ஊர்ல நாலு பேர் சேர்ந்து இழுத்துடுவாங்க.

நாலு பேர் இழுப்பதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறக்காமல் இழுத்தால் வாய் கிழியும், கன்றின் கால் மூட்டு விலகும், மாடு அடுத்த ஈத்துக்கே உதவாமல் போகும்.

என்ன பார்க்க வேண்டும் என்றால், தண்ணிக்குடம் உடைந்த பிறகு முதலில் இரண்டு குளம்பு தெரியும். குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்திருக்கிறதா? அதற்கு மேலே, முழங்காலை ஒட்டி, ஈரமான மூக்கு தெரிகிறதா? அப்படியென்றால் கன்று சரியாக வருகிறது, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். கிடேரிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருந்தால் அநேகமாகப் பின்னங்கால். ஒரு கால் மட்டும் வந்தால் மற்றக் காலும், கால் வந்து மூக்கு வராவிட்டால் தலையும் மடங்கிக் கிடக்கலாம். இதில் எது நடந்தாலும் நேரம் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தும் நன்றாக முக்கி, குடம் உடைந்து 2 மணி நேரத்தில் கன்று வராவிட்டாலும் அப்படித்தான். 1962 என்ற எண் கால்நடை ஆம்புலன்சுக்கு. அதை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்துவிடுங்கள். மூச்சு விடத் தயங்கினால் ஒரு வைக்கோல் தாளை மூக்குத் துவாரத்துக்குள் லேசாக விட்டு ஆட்டுங்கள். தும்மும், தலையை உதறும், நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கும். பிறகு காய்ந்த சாக்கால் நெஞ்சுப்பக்கம் அழுத்தித் தேய்த்து, தாய் நக்கும்படி அதன் முன்னால் போட்டுவிடுங்கள். தொப்புள் கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, டிஞ்சர் அயோடினில் முக்கி எடுங்கள். காயும் வரை தினமும் வையுங்கள். சாணத்தையோ சாம்பலையோ அப்ப வேண்டாம். அந்த வழியாகக் கிருமி ஏறித்தான் பத்து நாளில் கன்றுக்கு முட்டி வீங்குகிறது.

திருப்புல்லாணி: கொடி தொங்கிக்கிட்டே இருந்தா கல்லோ விளக்குமாறோ கட்டிவிடலாமா?

கூடாது. பாரம் இழுத்தால் கொடி பாதியில் அறுந்து மிச்சம் உள்ளேயே அழுகும், சில மாட்டுக்குக் கர்ப்பப்பையே வெளியே தள்ளிவிடும். பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்தில் தானாக விழும். ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி தின்னக் கொடுக்கலாம். 8 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை இரண்டாக நறுக்கி வெல்லம், உப்பு சேர்த்துக் கொடுப்பார்கள். 12 மணி நேரம் கடந்தால் மருத்துவர்தான். தொங்கும் கொடியை நாய் இழுத்து மாட்டைக் கடித்துவிடாதபடி காவல் இருங்கள். விழுந்த கொடியை ஆலமரத்தில் கட்டுவதை விட ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதுதான் நல்லது. ஏழு, எட்டு மாதத்தில் மாடு கன்று வீசியிருந்தால் அந்தக் கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். கருச்சிதைவு நோயாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள், ஆயுளுக்கு ஒரே தடவைதான். அந்த வயதைத் தவற விடாதீர்கள்.

ஏர்வாடி: ஜெர்சிக் கலப்பு, நாலாம் ஈத்து. ஈனுன மறுநாள் எந்திரிக்கல, கழுத்தை ஒரு பக்கமா மடிச்சுப் போட்டுப் படுத்திருச்சு. காது சில்லுன்னு இருக்கு.

அய்யா, பதிலைப் படித்து முடிக்கும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இது பால்காய்ச்சல். பேரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கியதால் வந்தது. நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நிற்கும். அதுவரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போகும். பக்கவாட்டில் சாய விடாமல் மூட்டை அண்டக் கொடுத்து நெஞ்சில் படுக்க வையுங்கள். அடுத்த ஈத்துக்கு ஒன்று: ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம். அப்போது வெளியிலிருந்து நிறையக் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு நிறுத்திவிடும். ஈன்ற பிறகுதான் கால்சியம்.

உச்சிப்புளி: எங்க போர்த் தண்ணி உப்பு. சினை மாடு குடிக்கலாமாண்ணே?

இந்தக் கடற்கரையில் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 1000-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3000 வரை பழகிக்கொள்ளும், ஆரம்பத்தில் கொஞ்சம் கழியலாம். 5000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கொடுக்காதீர்கள். 7000-க்கு மேல் எந்த மாட்டுக்கும் வேண்டாம். சித்திரை வைகாசியில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை அளந்து பாருங்கள், அதே போரில் அளவு மாறும்.

உப்புத் தண்ணீரை மாடு குறைவாகக் குடிக்கும். குடிப்பது குறைந்தால் தீனியும் பாலும் குறையும். ஊருணித் தண்ணீரோ மணல் ஊற்றுத் தண்ணீரோ கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால், முதல் பங்கு கன்றுக்கு, அடுத்தது ஈனப் போகிற மாட்டுக்கு. மிச்சத்தைப் போர்த் தண்ணீரோடு கலந்து மற்ற மாடுகளுக்கு வையுங்கள். தவிட்டில் வழக்கமாகப் போடும் கல்லுப்பையும் குறைத்துவிடுங்கள். கழிச்சல் கண்ட கன்றுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும்போது நல்ல தண்ணீர்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்தால் உப்பு இரட்டிப்பாகி, மருந்தே கன்றைக் கொன்றுவிடும்.

தொண்டி: நாலு தடவை சினை ஊசி போட்டாச்சு. பிடிக்கல. வித்துடலாமான்னு வீட்ல பேச்சு.

விற்பதற்கு முன் இரண்டு விஷயத்தைச் சரிபார்ப்போம் தம்பி. முதலாவது நேரம். புழுக்கம் கூடிய மாதங்களில் மாடு பகலில் பருவ அடையாளம் காட்டாது. ராத்திரி பத்து மணிக்கும் விடியற்காலையிலும் தொழுவத்துக்குப் போய்ப் பாருங்கள். பிறப்புறுப்பின் கீழ் நுனியிலிருந்து கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு அறுபடாமல் தொங்கும், வாலிலும் தொடையிலும் ஒட்டிக் காய்ந்து பளபளக்கும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். நீங்கள் எட்டு மணிக்குப் பார்த்து ஒன்பது மணிக்கே போட்டிருந்தால் அது சீக்கிரம். உச்சி வெயிலில் மாட்டை நடத்திக்கொண்டு போவதும் வேண்டாம். வழும்பு கலங்கியோ சீழாகவோ இருந்தால் அந்த முறை ஊசியே போடாமல் கர்ப்பப்பைக்கு வைத்தியம் பாருங்கள்.

இரண்டாவது தீனி. சீமைக் கருவேலங்காயை மட்டுமே தின்று வாழும் மாடு சினை பிடிக்கச் சிரமப்படும். அந்தக் காயில் இனிப்பு உண்டு, ஓரளவு போடலாம். அதையே வயிற்றுக்குப் போட்டால் தாடை, நாக்கு நரம்பு கெட்டு அசை போட முடியாமல் போகும். ஒரு நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும், அகத்தி, வேலிமசால் என்று ஏதாவது பச்சையும் இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள். பருவம் கண்ட நாளிலிருந்து முள்ளங்கி 5 நாள், பிறகு கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, மஞ்சள் சேர்த்த கறிவேப்பிலை என ஒவ்வொன்றும் 4 நாள் வெல்லம், உப்போடு கொடுக்கும் முறையும் உண்டு. மாடு திரும்பப் பருவத்துக்கு வரும் நாளைக் காலண்டரில் குறியுங்கள். 21 நாளை ஒட்டி வந்தால் சினை பிடிக்கவே இல்லை. 35, 40 நாள் கழித்து வந்தால் பிடித்த கரு கலைந்திருக்கிறது என்று மருத்துவருக்குப் புரியும்.

கீழக்கரை: ரெட்டைக் கன்னு. ஒண்ணு காளை, ஒண்ணு கிடேரி. கிடேரியை வளர்க்கலாமா?

காளையோடு சேர்ந்து பிறந்த கிடேரி பத்துக்கு ஒன்பது மலடாகத்தான் இருக்கும். பாலுக்கென்று காசு செலவழித்து வளர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மண்டபம்: ரெண்டு மாசக் கன்னு மணலைத் திங்குது, வலை நூலைத் திங்குது. வயிறு பானை மாதிரி.

பூச்சி, அதோடு சத்துக் குறைவு. பெரிய உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வரும், அதனால் 10 முதல் 14 நாளுக்குள் முதல் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. இப்போதே எடை பார்த்து மருந்து வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்தே நல்ல தண்ணீரும், ஒரு பிடி கன்றுத் தீவனமும், மெல்லிய புல்லும் முன்னால் இருக்க வேண்டும். பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கு அசை போடும் வயிறு வளராது. நைலான் வலை நூல் வயிற்றில் கரையவே கரையாது, சேர்ந்து உருண்டால் அறுவை சிகிச்சைதான். வலை பின்னும் இடத்துப் பக்கம் கன்றை விடாதீர்கள், பழக்கம் மறக்கும் வரை வாய்க்கூடு போடுங்கள். 4 மாதம் ஆனதும் கோமாரி ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

ஆர்.எஸ். மங்கலம்: எந்த மாசம் ஊசி போட்டா நமக்கு நல்லது? தைப் பொங்கலுக்குப் போட்டா விசேஷம்னு அப்பா போடுவாரு.

பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். பொங்கலுக்குப் போட்டால் ஐப்பசியில் ஈனும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழையும் புயலும். நனைந்த தொழுவத்தில் பிறந்த கன்றுக்கு முதலில் சளி, அடுத்துக் கழிச்சல். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் போட்டால் மார்கழி, தையில் ஈனும். அப்போது மழை விட்டிருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், வரப்பில் புல் நிற்கும், அறுவடை முடிந்து வைக்கோலும் வரும். ஈன்ற மாட்டுக்குப் பசி அதிகமாகிற மூன்று மாதமும் தீனி இருக்கிற மாதமாக அமைந்துவிடும். சித்திரை வெயில் ஏறுவதற்கு முன் பிடித்துவிட வேண்டும், அதனால் முதல் பருவத்தையே விடாதீர்கள். கிடேரிக்கு வயதை விட எடையைப் பாருங்கள். வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதம் வந்தால்தான் முதல் ஊசி.

பாம்பன்: ஹெச்.எஃப் போட்டா பால் கூடும்ங்கிறாங்க. பொட்டைக் கன்னு ஊசியும் வந்திருக்காமே?

சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப் என்கிற ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்பதுதான் நம் மாநில இனவிருத்திக் கொள்கை. உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஹெச்.எஃப் ரத்தம் கூடக் கூட மாடு இளைக்கும், பருவம் மறைக்கும். சின்ன நாட்டுக் கிடேரிக்குப் பெரிய இன ஊசி போட்டால் ஈனுவதும் கஷ்டம்.

பாலினம் பிரித்த ஊசி உண்மைதான். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாகப் பிறக்கும். ஆனால் சாதா ஊசியை விடச் சினை பிடிப்பது குறைவு, அதனால் ஆரோக்கியமான கிடேரிக்கும் நல்ல பருவம் காட்டும் மாட்டுக்கும் மட்டும் போடுங்கள். காளைக் கன்று பிறந்தால் பால் விடாமல் சாகட்டும் என்று விடும் வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதற்கு இந்த ஊசி ஒரு வழி காட்டினால் எனக்கு நிம்மதி. பிறந்துவிட்ட காளைக் கன்றுக்கும் சீம்பாலும் பூச்சி மருந்தும் கொடுத்து வளர்த்தால் நல்ல விலைக்குப் போகும். இன்னொன்று, ஊசிக் குழாயில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக் கேட்டுத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த ஊசியில் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது அதே காளை எண் திரும்ப வேண்டாம், அது அதன் தகப்பன்.