'சலிம்'னா யாரு?

கேள்வி: தாய்லாந்து அரசியல் பத்தின செய்திகள்ல தீவிர ராஜ விசுவாசிகளை 'சலிம்'னு சொல்றாங்களே, அது முஸ்லிம் பேருதானே? புத்த நாட்டு ராஜாவுக்கு முஸ்லிம்கள் ஏன் இவ்ளோ சப்போர்ட்?

பதில்: பேரைப் பாத்ததும் மதத்தை முடிவு பண்ணிட்டீங்க, அது தப்புங்க. சலிம்ங்கறது ஒரு தாய்லாந்து ஸ்வீட். பாசிப்பயறு மாவை நூல் நூலா பிழிஞ்சு, பிங்க், பச்சை, வெள்ளைனு பல கலர்ல, தேங்காப்பாலும் சர்க்கரைப்பாகும் ஊத்தி ஐஸ் போட்டுத் தருவாங்க, பாக்க நம்ம ஃபலூடா சேமியா மாதிரியே இருக்கும்.

அரசியலுக்குள்ள இது வந்தது 2010ல. அங்க மஞ்சள் சட்டைனா ராஜா பக்கம், ஏன்னா அப்போ ராஜாவா இருந்த பூமிபோல் பொறந்தது திங்கக்கிழமை, அந்தக் கிழமைக்கு அவங்க கலர் மஞ்சள். சிவப்பு சட்டைக்காரங்கள்ல பெரும்பாலானவங்க 2006ல ராணுவம் கவுத்த பிரதமர் தக்சினோட ஆதரவாளர்கள். 2010ல இவங்க பாங்காக் நடுரோட்டுல உக்காந்து பார்லிமென்ட்டைக் கலைச்சுட்டு தேர்தல் வைங்கன்னு கேட்டப்போ, நாங்க மஞ்சளும் இல்ல சிவப்பும் இல்லன்னு சொல்லிக்கிட்டு பல கலர் சட்டையில இன்னொரு கூட்டம் கிளம்புச்சு. கோரிக்கை என்னன்னு பாத்தா, பார்லிமென்ட்டைக் கலைக்காதீங்க, ராஜாவைக் காப்பாத்துங்க, ரோட்டுல இருக்கறவங்க மேல நடவடிக்கை எடுங்க. இதுல எங்கங்க நடுநிலை இருக்கு? அந்தப் பல கலரைப் பாத்துதான் எதிர்ப்பக்கம் 'சலிம்'னு பேர் வச்சாங்க. அந்த ஏப்ரல், மே மாசத்துல ராணுவம் இறங்கி 90 பேருக்கு மேல செத்தாங்க, அதனால இதை வெறும் கிண்டல்னு எடுத்துக்க முடியாது, அதுக்குள்ள ஆத்திரம் இருக்கு.

அப்புறம் சட்டைக் கலர் மறந்துபோச்சு, சொல் மட்டும் நின்னுச்சு. 2014 ராணுவப் புரட்சிக்குக் கை தட்டினவங்க, ராஜாவைப் பத்தி யாராவது வாயைத் திறந்தா ராஜ அவமதிப்புக்கான 112வது பிரிவுல உள்ள போடுன்னு கத்துறவங்க எல்லாரும் சலிம்தான். அந்தப் பிரிவுல ஒரு குத்தத்துக்கு 3ல இருந்து 15 வருஷம் ஜெயில், யார் வேணா புகார் குடுக்கலாம், அதனாலதான் இந்த விசுவாசத்தைப் பாத்து ஜனங்க பயப்படறாங்க.

அதுக்காக வீட்டுல ராஜா படம் மாட்டி வச்சுக் கும்பிடற பாட்டியை சலிம்னு சொல்றது அநியாயம், அன்பு வேற, அடுத்தவனை ஜெயிலுக்கு அனுப்பறது வேற. சலிம்களும் சும்மா இல்லைங்க. 2020ல மூணு விரலைத் தூக்கி சல்யூட் அடிச்சு, அரண்மனையில சீர்திருத்தம் வேணும்னு கேட்ட மாணவர்களை இவங்க 'சாம் கீப்', அதாவது மூணு குளம்புனு சொல்லி மாடாவே ஆக்கிட்டாங்க.