மீனுக்கு எதற்குக் குளியல்?

கேள்வி: ஹோபார்ட்டில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே பண்ணை சால்மன் மீன்களை அடிக்கடி நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள் என்கிறான். தண்ணீரிலேயே கிடக்கும் மீனுக்குக் குளியலா? என்னைக் கேலி செய்கிறானா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை அம்மா, பையன் சொல்வது உண்மைதான். ஹோபார்ட் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில், கடலில் வலைக்கூண்டு போட்டு வளர்க்கும் சால்மனை 1980களின் நடுவிலிருந்தே ஒரு செவுள் நோய் படுத்துகிறது. காரணம் ஓர் அமீபா, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி, பெயர் நியோபாராமீபா பெருரான்ஸ். இந்தப் பெயரே 2007இல்தான் வந்தது, நோய்க்கு இதுதான் காரணம் என்று சோதனையில் உறுதியானது 2012இல். அதுவரை பல வருஷம் இதன் சொந்தக்கார அமீபா ஒன்று பழியைச் சுமந்துகொண்டிருந்தது, பாவம்.

இது செவுளில் ஒட்டிக்கொண்டதும் அந்த இடம் தடித்து, மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கோழை படிந்து வெள்ளைத் திட்டாகிவிடும். மீனுக்கு மூச்சு முட்டும், கவனிக்காமல் விட்டால் கூண்டில் கொத்துக் கொத்தாகச் சாகும். சரி, குளியல் எதற்கு? அமீபா கடல்வாசி, நன்னீர் பட்டால் தாங்காது. சால்மனோ ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகிற சாதி, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் நன்னீர் ஒரு பொருட்டே இல்லை. அதனால் பெரிய தார்ப்பாய்த் தொட்டியிலோ, தண்ணீர்த் தொட்டி உள்ள கப்பலிலோ மீனை விட்டு, ஆக்சிஜன் கொடுத்து வைத்திருந்து, திரும்பக் கூண்டில் விடுகிறார்கள். ஒரு குளியலுக்கே பல லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர்! நம் ஊர்க் குடத்துக் கணக்கில் யோசித்தால் தலை சுற்றுகிறது.

இவ்வளவு செய்தும் நோய் போய்விடாது, ஏனென்றால் இந்த அமீபா மீன் இல்லாமலும் கடல்நீரில் பிழைக்கும், தண்ணீர் சூடேறினால் மறுபடி வந்து ஒட்டும். நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனமும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அது செவுளையே அரித்துவிடும். டாஸ்மேனியக் கோடைக்கு நன்னீர்தான் தோது.

கேள்வி: அப்படியானால் அந்த மீனைச் சாப்பிடலாமா?
— அதே வாசகி

பதில்: தாராளமாக. இந்த அமீபா மனிதர்களைத் தொற்றுவதில்லை. அது இருக்கும் இடமும் செவுள்தான், குழம்பில் அதை யார் போடப்போகிறார்கள்!