மகள் கல்லீரல் டாக்டர் ஆக வேண்டும் என்கிறாளா?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், பெரியப்பா கல்லீரல் சுருங்கி இறந்ததிலிருந்து "ஹெபடாலஜிஸ்ட்தான் ஆவேன்" என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருடம் ஆகும், கல்யாண வயது தாண்டிவிடாதா என்பது உங்கள் கவலை.

வருடக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியோடு ஐந்தரை வருடம். அப்புறம் நீட் பி.ஜி. எழுதி எம்.டி. பொது மருத்துவம் 3 வருடம். அதற்கும் மேல் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி, டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு 3 வருடம். எங்கும் தடங்கல் இல்லாமல் போனால் 30 வயது. ரேங்க் சறுக்கினாலோ, ஒப்பந்தப்படி அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பாண்டு சேவை குறுக்கே வந்தாலோ 32, 33. அரசுக் கல்லூரியில் எம்.டி., டி.எம். படித்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். எம்.டி. படிக்கும்போதே கல்யாணம் முடித்தவர்கள் ஏராளம். அந்தக் கவலையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

ஒரு குழப்பம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கல்லீரல் மாற்று அறுவை செய்பவர் வேறு. அவர் எம்.எஸ். பொது அறுவை, பிறகு எம்.சிஎச். என்ற உயர்சிறப்பு அறுவைப் படிப்பு என்று தனி வழியில் வருபவர். யாருக்கு மாற்றுக் கல்லீரல் தேவை என்று கணித்து அனுப்புவதும், அறுவைக்குப் பிறகு மருந்து பார்த்துக்கொள்வதும்தான் ஹெபடாலஜிஸ்ட்டின் வேலை.

டி.எம். ஹெபடாலஜி இடங்கள் குறைவு. டெல்லி ஐ.எல்.பி.எஸ்., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற சில பெரிய மருத்துவ நிறுவனங்களில்தான் உண்டு. டி.எம். குடல்-இரைப்பை மருத்துவம் படித்தவர்களும் கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் கிளினிக் வைக்கும் எண்ணம் இருந்தால் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபியும் சேர்ந்த அந்தப் படிப்புதான் கைகொடுக்கும் என்பேன். ஹெபடாலஜிக்கு ஐ.சி.யு., ரத்த வங்கி, மாற்று அறுவைக் குழு எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக, பெருநகர வாழ்க்கைதான்.

இதையெல்லாம்விட முக்கியம் மனசு. ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "நேத்து எத்தனை தடவை வெளிக்குப் போனீங்க?" என்பதாக இருக்கும். கல்லீரல் கெட்டவருக்கு மலச்சிக்கல் வந்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை மந்தமாகும். கையை நீட்டி மணிக்கட்டைப் பின்னால் மடக்கச் சொன்னால் கை படபடவென்று அடிக்கும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வயிற்றில் கோத்த நீரை ஊசி போட்டு எடுத்து அனுப்பிய அதே ஆள், மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பார். அவரைத் திட்டாமல் கட்டிலில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் எலி பேஸ்ட் தின்ற சின்ன வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாமல் விட்டு, பிறகு கல்லீரலைச் சாய்க்கும். எல்லோரையும் காப்பாற்ற முடியாது. மறுபக்கம், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலானவர்களுக்கு 3 மாத மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது.

பெரியப்பாவை இழந்த துக்கம் அவளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் பொது மருத்துவம் அவளுக்குப் பிடிக்க வேண்டும். அது எம்.பி.பி.எஸ். மூன்றாம், நான்காம் வருட வார்டு போஸ்டிங்கில்தான் தெரியும். அதுவரை "ஹெபடாலஜி" என்று உறவுக்காரர்களிடம் அறிவிக்க வேண்டாம். பிறகு அவள் மனம் மாறினால் சங்கடம். இப்போது நீட்டுக்கு இயற்பியலில் மதிப்பெண் ஏற்றட்டும்.

அப்புறம், அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி போடாமல் விட்டிருந்தால், வார்டுக்குள் கால் வைக்கும் முன் மூன்று டோஸும் முடிந்திருக்க வேண்டும். அதற்கு 6 மாதம் பிடிக்கும்.