பெண்கள் போதைக்கு அடிமையாவதற்கு என்னென்ன காரணங்கள்?

போதை என்றதும் கஞ்சா, சாராயம் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. என் சித்தி அவற்றைத் தொட்டதே இல்லை. அவரை அடிமையாக்கியது ஒரு சின்னத் தூக்க மாத்திரை.

குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும். காலையில் சமையலை முடித்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி தேறும்வரை தலை நிமிராது. இருபது வருடம் குனிந்ததில் கழுத்தும் தோளும் வீணாகிவிட்டன. வலி விட்ட இரவுகளில் சித்தப்பாவின் குடி. தூக்கம் எங்கிருந்து வரும்? ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு என்று அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாளும் நன்றாகத் தூங்கினார். அப்புறம் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கினார். பிறகு சீட்டும் வேண்டியிருக்கவில்லை, காலி அட்டையே போதும். 2014 முதல் நடப்பில் உள்ள எச்1 என்ற அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும் மருந்து அது. சீட்டில்லாமல் தரக்கூடாது, வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். சித்தியின் பெயரை யாரும் கேட்டதில்லை.

அரை மாத்திரை ஒன்றானது, ஒன்று மூன்றானது. நாலு வருடம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அரிசி டின்னுக்குள் காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார். குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களாம். ஆண் குடித்தால் ஊர் 'பாவம், குடிக்கிறான்' என்கிறது. பெண்ணுக்கு அந்தப் 'பாவம்' கிடைப்பதில்லை. அதனால் ஒளிக்கிறாள், ஒளிப்பதால் முற்றுகிறது. என்னைக் கேட்டால் வலி, தூக்கமின்மை, வீட்டுக் குடி எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இந்தப் பயம்தான்.

2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வில், மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம் என்று இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று கேட்டால் எத்தனை பெண்கள் ஆமாம் என்பார்கள்? உடல்வாகும் ஒரு காரணம். பெண் உடம்பில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் கூடுதலாக ஏறும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து அடிமையாகும் வரையிலான காலமும் பெண்களுக்குப் பெரும்பாலும் குறைவு.

டின்னில் அட்டைகளைப் பார்த்தது நான்தான். கோபத்தில் மிச்சமிருந்த மாத்திரைகளையும் பிடுங்கி எறிந்தேன். நான் செய்த பெரிய தப்பு அது. மூன்றாம் நாள் கை நடுங்கியது, உடம்பு வியர்வையில் நனைந்தது, இரவில் வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். இந்த வகை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. தயவுசெய்து யாரும் நான் செய்ததைச் செய்யாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தனியார் மையங்கள் சிலவற்றில் விசாரித்தபோது, ஆண்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தி இப்போது கால் மாத்திரையில் இருக்கிறார். பீடி இலை வெட்டும் கத்தரியாலேயே அதை நாலாக நறுக்கி, ஒரு துண்டைத் தான் எடுத்துக்கொண்டு, மீதியை என் கையில் கொடுத்துவிடுகிறார்.