சிரட்டைக் கரியில் மின்னூட்டம்: இரட்டை அடுக்கு மின்தேக்கி பற்றிய கேள்வி பதில்

நாகர்கோவில், டிப்ளமோ மாணவி: சாதாரண மின்தேக்கியில் இரு தகடுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருள் இருக்கிறது. இரட்டை அடுக்கு மின்தேக்கியில் அது எங்கே, ஐயா?

தனியாக எதுவும் வைக்கப்படுவதில்லை, அம்மா. கரியாலான இரு மின்முனைகளும் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற துகள்கள்) நிறைந்த மின்பகுளி என்ற திரவத்தில் நனைந்திருக்கின்றன. நடுவிலுள்ள மெல்லிய தாள், முனைகள் தொட்டுக்கொள்ளாமல் காக்குமே தவிர அயனிகளைத் தடுக்காது. மின்னழுத்தம் கொடுத்ததும் எதிர்மின்முனையின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் சேர, திரவத்தின் நேர் அயனிகள் ஈர்க்கப்பட்டு, கரைப்பான் மூலக்கூறின் தடிமன் அளவே இடைவெளி விட்டு எதிரே திரளுகின்றன. எதிரெதிரே நிற்கும் இவ்விரண்டும்தான் அந்த இரட்டை அடுக்கு. நேர்மின்முனையில் இதன் மறுதலை நடப்பதால், ஒரு கலம் என்பது உண்மையில் தொடராக இணைந்த இரண்டு மின்தேக்கிகள். 1853-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிய சித்திரம் இதுதான். அயனிகள் வெப்ப அசைவால் சற்றுப் பரவியும் கிடக்கும் என்ற திருத்தத்தை அதனோடு இணைத்தவர் இயற்பியலாளர் ஸ்டெர்ன் (1924).

தக்கலை வாசகர்: சிரட்டைக் கரி இதற்கு ஆகுமாமே? அடுப்புக் கரி போதுமா?

சிரட்டைக் கரி ஆகும். ஆனால் அடுப்பில் மிஞ்சியது போதாது. நீராவியில் உயர் வெப்பத்தில் பதப்படுத்தினால்தான் கரிக்குள் நுண்துளைகள் திறக்கும். அப்படிப்பட்ட ஒரு கிராம் கரியின் பரப்பு 1000 சதுர மீட்டரைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட் மனை! பரப்பு பெருகி, இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவதால்தான் மைக்ரோஃபாரட் கணக்கு ஆயிரக்கணக்கான ஃபாரடுக்கு (மின்னூட்டம் கொள்ளும் திறனின் அலகு) உயர்கிறது.

குளச்சல் வாசகர்: கடல்நீரையே மின்பகுளியாக ஊற்றலாமா?

சோதனைக்கு ஊற்றிப் பார்க்கலாம். ஆனால் நீர் 1.23 வோல்ட்டுக்கு மேல் பிரிந்து வாயுவாகத் தொடங்கும். கடல் உப்பிலுள்ள குளோரைடு, கரியைத் தாங்கும் உலோகத் தகட்டையும் அரிக்கும். ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 2.7 வோல்ட் வரை தாங்கும் கரிமக் கரைப்பான்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: அப்படியானால் வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரிக்குப் பதிலாக வைக்கலாமே?

வைத்தால் ஏமாற்றமே. 3000 ஃபாரட், 2.7 வோல்ட் கலம் ஒன்று முழுதாய் நிறைந்தாலும் சுமார் 3 வாட்-மணி ஆற்றல்தான். 10 வாட் விளக்குக்கு 18 நிமிடம் வரும். பேட்டரியில் பொருளே வேதிமாற்றம் அடைகிறது. இங்கு அயனிகள் மேற்பரப்புக்கு வந்து போகின்றன, அவ்வளவே. ஆகவே கொள்வது குறைவு, ஆனால் நொடிகளில் நிறையும், பல லட்சம் முறை தாங்கும். காற்றாலைகள் சிலவற்றில், மின்தொடர்பு அறுந்த நேரத்தில் இறகுகளைத் திருப்பிக் காற்றின் பிடியிலிருந்து விடுவிக்க, இந்த மின்தேக்கிகளையே வைத்திருக்கிறார்கள்.